பிறந்த மண்ணும் எழுதிய ஏடும்!

அமெரிக்க நாட்டின் அரசியல் சட்டத்திலே ஒரு வாக்கியம் இருக்கிறது. 1868-ஆம் ஆண்டு, 14-ஆவது திருத்தமாகச் சேர்க்கப்பட்டது. அந்த மண்ணிலே பிறந்து, அந்நாட்டுச் சட்டத்தின் ஆளுகைக்கு உட்பட்டிருப்போர் அனைவரும் அந்நாட்டின் குடிமக்களே என்பது அதன் பொருள். தகப்பன் யார், தாய் எந்த நாட்டவள், தோலின் நிறம் என்ன, கையிலே காசு உண்டா இல்லையா, இந்தக் கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. பிறந்தாயா இந்த மண்ணில்? நீ குடிமகன்! அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

முடிந்தது என்றுதான் அந்நாட்டார் எண்ணியிருந்தனர். ஒரு நாள் இரு நாளல்ல, நூறாண்டுக்கு மேலாக எண்ணியிருந்தனர். ஆனால் 2025-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள், இரண்டாம் முறையாக ஜனாதிபதிப் பதவியில் அமர்ந்த அன்றே, டொனால்டு டிரம்ப் ஓர் ஆணையிலே கையெழுத்திட்டார். தாய் அனுமதியின்றி அந்நாட்டிலே தங்கியிருப்பவளானால், அல்லது படிக்கவோ வேலை பார்க்கவோ தற்காலிக அனுமதி பெற்று வந்தவளானால், தகப்பனும் குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவனாகவோ இல்லையானால், அங்கே பிறக்கும் குழந்தை குடிமகன் அல்ல என்றது அந்த ஆணை. 30 நாள் கழித்துப் பிறக்கும் குழந்தைகளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்று தவணையும் குறித்தார்கள்.

தொட்டிலிலே கிடக்கும் குழந்தையைப் பார்த்து, "உன் அப்பன் அனுமதிச் சீட்டு எங்கே?" என்று கேட்கும் ஆணை!

மூன்றே நாளில், சியாட்டில் நகரத்து மத்திய நீதிமன்றத்திலே நீதிபதி ஜான் கூகெனவர் அந்த ஆணைக்குத் தடை விதித்தார். அவர் மாற்றுக் கட்சியார் அமர்த்திய நீதிபதி அல்லர். டிரம்பின் கட்சியைச் சேர்ந்த ரீகன், 1981-லே அமர்த்தியவர். அவரே, இது அரசியல் சட்டத்துக்கு அப்பட்டமான விரோதம் என்றார். வேறு மாநிலங்களின் நீதிமன்றங்களும் தடை போட்டன. 2025 ஜூன் 27-இலே உச்சநீதிமன்றம், ஆணை சரியா தவறா என்ற கேள்விக்குள் நுழையாமல், கீழ் நீதிமன்றங்கள் நாடு முழுமைக்கும் தடை போடுகிற அதிகாரத்தைச் சுருக்கியது. ஒருபுறம் 6 நீதிபதிகள், மறுபுறம் 3 நீதிபதிகள். வழக்கறிஞர்கள் சோர்ந்துவிடவில்லை. பாதிக்கப்படும் குழந்தைகள் அனைவரையும் ஒரே தொகுதியாகச் சேர்த்து வழக்காடினர். ஜூலை 10-இலே நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலிருந்து மீண்டும் தடை பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரிலே உச்சநீதிமன்றம் அடிப்படைக் கேள்வியையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

தீர்ப்பை அலசுவது இங்கே நம் வேலையன்று. நாம் கேட்கும் கேள்வி வேறு. 1898-லேயே தீர்த்துவைக்கப்பட்ட ஒன்று, 127 ஆண்டு கழித்து எப்படித் தீராத கேள்வி ஆயிற்று? யார் ஆக்கினார்கள்?

"அமெரிக்காக்காரன் சங்கதி நமக்கெதற்கு?" என்று ஆலை வாசலிலே நிற்கும் தோழர் கேட்கலாம். கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். இரண்டு காரணம் சொல்வோம். ஒன்று, நம் ஊர்ப் பிள்ளைகள் பல்லாயிரவர் அங்கே எச்-1பி என்னும் தற்காலிக அனுமதியிலே பணி புரிகின்றனர். நிரந்தர உரிமைக்கு மனுப்போட்டு ஆண்டுக்கணக்கிலே வரிசையிலே காத்து நிற்கின்றனர். அவர்கள் வீட்டுத் தொட்டிலும் அந்த ஆணையின் வாய்க்குள்தான் இருந்தது. மற்றொன்று இன்னும் பெரிது. உரிமை எப்படிப் பிறக்கிறது, எப்படிக் காக்கப்படுகிறது, எப்படிக் களவு போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

ஏழு பேர் எழுதிய அநீதி

அந்த வாக்கியம் ஏன் எழுதப்பட்டது? அதை எழுதவைத்தவன் ஓர் அடிமை. பெயர் டிரெட் ஸ்காட்.

அவரை உடைமையாக வைத்திருந்த இராணுவ மருத்துவர், அடிமைமுறை இல்லாத இல்லினாய் மாநிலத்துக்கும் விஸ்கான்சின் பிரதேசத்துக்கும் அவரை அழைத்துச் சென்றிருந்தார். "விடுதலை மண்ணிலே வாழ்ந்த நான் எப்படி இன்னும் அடிமை?" என்று 1846-லே செயின்ட் லூயிஸ் நகரத்திலே ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் வழக்குத் தொடுத்தனர். வழக்கு பதினோரு ஆண்டு நடந்தது. 1857 மார்ச் 6-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி ரோஜர் டானி. அடிமைகளின் வழிவந்த கருப்பர் எவரும், அடிமையாக இருந்தாலும் விடுதலை பெற்றவராக இருந்தாலும், அந்நாட்டின் குடிமகனாக முடியாது, ஆகவே மத்திய நீதிமன்றத்தின் படியேறி வழக்காடவே உரிமை கிடையாது என்றார் அவர். ஒன்பது பேரில் ஏழு பேர் அந்த முடிவுக்கு உடன்பட்டனர்.

டானி தெருப்போக்கர் அல்லர், சட்டம் கற்ற மேதை என்று போற்றப்பட்டவர். பக்கம் பக்கமாக வரலாறு காட்டினார், மேற்கோள் காட்டினார். நாட்டை நிறுவிய முன்னோர் கருப்பரைக் குடிமக்களாகக் கருதவேயில்லை என்று ஏட்டைப் புரட்டிக் காட்டினார். கல்வி அங்கே அநீதிக்குக் காவடி தூக்கிற்று!

அதே மன்றத்திலே அமர்ந்திருந்த நீதிபதி பெஞ்சமின் கர்டிஸ் அதே ஏட்டைப் புரட்டி அதற்கு மறுப்பு எழுதினார். நாடு உருவான காலத்திலேயே நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், நியூயார்க், நியூ ஜெர்சி, வட கரோலினா ஆகிய ஐந்து மாநிலங்களில் அடிமைத்தளை இல்லாத கருப்பர்கள் குடிமக்களாக இருந்தனர், தகுதியுடையோர் வாக்கும் அளித்தனர் என்று ஆதாரம் காட்டினார். உண்மை அவர் பக்கம், எண்ணிக்கை டானி பக்கம்! அன்று எண்ணிக்கை வென்றது. அந்த ஆண்டே கர்டிஸ் பதவியைத் துறந்து வெளியேறினார். ஸ்காட்டை வேறொருவர் பொறுப்பேற்று விடுதலை செய்தார். விடுதலைக் காற்றை ஓராண்டும் சில மாதங்களுமே அனுபவித்து, 1858-லே அவர் மறைந்தார்.

தீர்ப்பு வந்தது, ஆனால் கேள்வி சாகவில்லை. அது உள்நாட்டுப் போராக வெடித்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரிலே 6 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடிமைத்தளை அறுக்க ஏறத்தாழ 1,80,000 கருப்பர்கள் படையிலே சேர்ந்தனர். அந்த இரத்தத்தைத் தொட்டு எழுதியதுதான் 1868-லே வந்த வாக்கியம். ஏழு பேர் எழுதிய அநீதியை அழிக்க இத்தனை உயிர் தேவைப்பட்டது.

துறைமுகத்து மக்கள் படித்த சட்டம்

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "மண்ணிலே பிறந்தவன் குடிமகன்" என்ற கருத்தை வாஷிங்டனிலே கூடிய பெருந்தலைவர்கள் திடீரென்று கண்டுபிடிக்கவில்லை. போருக்கு வெகுநாள் முன்பே கருப்பின மக்கள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தனர். 1830-லே பிலடெல்பியாவில் மாநாடு கூட்டினர். அது தொடங்கி அடுத்தடுத்து மாநாடுகள் நடந்தன. "இங்கே பிறந்தோம், இங்கே உழைத்தோம், எங்களை எங்கோ கப்பலேற்ற உங்களுக்கு என்ன உரிமை?" என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி.

மார்த்தா ஜோன்ஸ் என்னும் வரலாற்றுப் பேராசிரியை, தாமும் வழக்கறிஞராக இருந்தவர், 2018-லே இதைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பால்டிமோர் துறைமுக நகரத்தின் பழைய நீதிமன்றச் சுவடிகளைத் துருவிப் பார்த்தார் அவர். அங்கே என்ன கண்டார்? அடிமைத்தளையில்லாத கருப்பின எளிய மக்கள், நீதிமன்றத்துக்குத் தாங்களே வந்து, ஊர் விட்டு ஊர் போகப் பயணச் சீட்டுக் கேட்டனர், துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டனர், ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரச்சொல்லி வழக்குப் போட்டனர். குடிமகன் என்று எவரும் எழுதித் தருமுன்பே, குடிமகன் செய்வதையெல்லாம் செய்துகொண்டிருந்தனர்! எழுத்து பின்னால் வந்தது, நடத்தை முன்னால் நடந்தது.

பேராசிரியர் எழுதிய பிறகு மக்கள் போராடுவதாகச் சிலர் எண்ணுகின்றனர். தவறு. பெரும்பாலும் மக்கள் போராடுகின்றனர், பிறகே பேராசிரியர் எழுதுகிறார். ஆனால் அவர் எழுதுவது வீணன்று. எழுதாத போராட்டம் அடுத்த தலைமுறைக்கு எட்டாது.

ஒரு சமையற்காரர் வழக்கு

வாக்கியம் எழுதியாயிற்று. அதற்கு முதற் பெருஞ்சோதனை சீனத் தொழிலாளர்களைக் கொண்டு வந்தது. இருப்புப்பாதை போட்டவர்கள், சுரங்கம் வெட்டியவர்கள் அவர்கள். வேலை முடிந்ததும், "கூலியைக் குறைக்க வந்தவர்கள், வெளியேறட்டும்!" என்ற கூச்சல் எழுந்தது. வெள்ளைத் தொழிலாளர் சங்கங்களே அந்தக் கூச்சலிலே சேர்ந்துகொண்டன என்பதை நாம் மறைக்கப்போவதில்லை. முதலாளி கூலியைக் குறைத்தான், தொழிலாளி பக்கத்துத் தொழிலாளியின் கழுத்தைப் பிடித்தான். 1882-லே சீனரை விலக்கும் சட்டம் வந்தது.

வாங் கிம் ஆர்க் சான்பிரான்சிஸ்கோ நகரத்திலே பிறந்தவர். தாய் தந்தையர் சீனர், இவர் தொழில் சமையல். சீனாவுக்குப் போய்விட்டு 1895 ஆகஸ்டிலே திரும்பியபோது, துறைமுகத்து அதிகாரி இறங்கவிடவில்லை. நீ குடிமகன் அல்லன், சீனன் என்றார். பிறந்த ஊர் கண்ணுக்கெதிரே தெரிகிறது, காலெடுத்து வைக்க முடியவில்லை! மாதக்கணக்கிலே கப்பலுக்குக் கப்பல் மாற்றி அவரைக் கடலிலேயே அடைத்து வைத்தனர்.

இந்த வழக்கு தானாக வந்ததல்ல. ஜார்ஜ் காலின்ஸ் என்ற சான்பிரான்சிஸ்கோ வழக்கறிஞர், சீனருக்குப் பிறக்கும் குழந்தைகள் குடிமக்களல்லர் என்று 1884-லேயே சட்டப் பத்திரிகையிலே கட்டுரை எழுதினார், பிறகும் எழுதினார். இந்தக் கேள்வியை நீதிமன்றம் ஏற்றவேண்டுமென்று அரசை விடாமல் தூண்டினார். கட்டுரை முதலில், கைது பின்னால்! மறுபுறத்திலே சீன மக்களின் சங்கம் சும்மா இருக்கவில்லை. ஆறு கம்பெனிகள் என்று பேர்பெற்ற அந்தச் சங்கம், சமையற்காரருக்காகத் தேர்ந்த வழக்கறிஞர்களை நிறுத்தியது. 1898 மார்ச் 28-இலே தீர்ப்பு வந்தது. 6 பேர் அவர் பக்கம், 2 பேர் எதிர்ப்பக்கம். மண்ணிலே பிறந்தவன் குடிமகன் என்றால், எல்லோரும்தான் என்றது மன்றம். அயல்நாட்டுத் தூதர் வீட்டுக் குழந்தை போன்ற மிகச் சில விலக்குகளே உண்டு என்றும் வரையறுத்தது.

எதிர்த்த இருவரில் ஒருவர் நீதிபதி ஹார்லன். இவர் யார் தெரியுமா? அதற்கு இரண்டாண்டு முன்பு, ஹோமர் பிளெஸ்ஸி என்ற காலணி தைக்கும் தொழிலாளி இரயிலிலே வெள்ளையர் பெட்டியில் அமர்ந்த வழக்கிலே, தனித்து நின்று கருப்பருக்காக மறுப்பு எழுதியவர்! அவரே சீனர் என்றதும் மறுபக்கம் சாய்ந்தார். ஆகவே தனிமனிதரை நம்பி உரிமையை ஒப்படைக்காதீர் என்று நம் இயக்கம் ஓயாது சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வென்ற சமையற்காரர் பிறகு நிம்மதியாக வாழ்ந்தாரா? 1901-லே டெக்சஸ் மாநிலத்து எல் பாசோ நகரில், சட்டவிரோதமாக வந்த சீனன் என்று அவரையே பிடித்துக் குற்றம் சாட்டினர். உச்சநீதிமன்றத் தீர்ப்பிலே பெயர் பதிந்த மனிதர்! விடுபட மாதங்கள் ஆயின. தீர்ப்பு சட்டப் புத்தகத்திலே இருந்தது, போலீசுக்காரன் பார்த்ததோ முகத்தை.

ஆரியச் சீட்டு செல்லவில்லை!

மண்ணிலே பிறந்தவருக்கு ஒரு வழி இருந்தது. வெளியிலிருந்து வந்து குடியேறியவருக்கு? 1790 முதலே அந்நாட்டுச் சட்டம், வெள்ளையரே மனுப்போட்டுக் குடியுரிமை பெறலாம் என்றிருந்தது. போருக்குப் பின் 1870-லே ஆப்பிரிக்கருக்கும் அந்த வழி திறந்தது. ஆசியருக்கு மூடியே இருந்தது.

இந்த வாயிலிலே ஒரு பஞ்சாபியர் வந்து நின்றார். பெயர் பகத்சிங் திண்ட். லாகூரிலே தூக்குமேடை ஏறிய மாவீரன் பகத்சிங் வேறு, இவர் வேறு. முதல் உலகப் போரிலே அமெரிக்கப் படையிலே பணிபுரிந்தவர். அந்தத் தொண்டைக் காட்டிக் குடியுரிமை கேட்டிருக்கலாம், மனிதன் என்று சொல்லிக் கேட்டிருக்கலாம். ஆனால் உச்சநீதிமன்றத்தில் அவர் தரப்பு வைத்த வாதம் என்ன? "இவர் உயர்சாதி, ஆரிய இரத்தம், சாதிக் கட்டுப்பாட்டால் கலப்பில்லாத இரத்தம், ஆகவே வெள்ளையர்!" இதற்கும் மேற்கோள் காட்ட அக்காலத்து இனநூல் அறிஞர்களின் ஏடுகள் இருந்தன. வெள்ளையன் கருப்பனை மணக்க எப்படிக் கூசுகிறானோ, அப்படித்தான் எங்கள் உயர்சாதியாரும் தாழ்த்தப்பட்டோரை மணக்கக் கூசுகிறார்கள் என்று பெருமையாகவே எழுதிக் கொடுத்தனர்.

1923 பிப்ரவரி 19-ஆம் நாள் தீர்ப்பு. நூலாசிரியர்கள் எதை எழுதினாலும் எழுதட்டும், தெருவிலே போகும் சாதாரண வெள்ளைக்காரன் உம்மை வெள்ளையன் என்று ஒப்புவானா என்று கேட்டுக் கதவைச் சாத்தினார் நீதிபதி சதர்லாண்டு. மூன்று மாதத்துக்கு முன்னால்தான், ஜப்பானியரான ஒசாவா வழக்கிலே, தோலின் வெண்மை போதாது, நூல்படி இனம் பார்க்கவேண்டும் என்று இதே நீதிபதி எழுதியிருந்தார்! ஒருவனுக்கு நூல், இன்னொருவனுக்குத் தெரு. ஏடு கோலுக்கு ஏற்ப வளைந்தது.

இந்தத் தீர்ப்பின் கத்தி ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களின் கழுத்திலும் இறங்கியது. வைஷ்ணோ தாஸ் பாகாய் என்ற வணிகர், 1921-லே குடியுரிமை பெற்றவர், அதை இழந்தார். சொத்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை, இந்தியாவுக்குப் போய்வரவும் வழியில்லை. மூன்று ஆண்மக்களின் தந்தையான அவர், 1928-லே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தம் முடிவுக்குக் காரணத்தைப் பத்திரிகைக்குக் கடிதமாகவும் எழுதி வைத்தார். 1946-லேதான், ஆண்டுக்கு 100 பேர் என்ற அளவோடு, இந்தியருக்கு அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது.

நாம் இதை எள்ளி நகையாடச் சொல்லவில்லை. நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்லாமலிருக்க முடியாது. "நானும் உன்னைப் போல மேலோன், என்னை உள்ளே விடு, மற்றவனைத் தள்ளு" என்று கேட்கிற உரிமை, உரிமையாகாது. சமையற்காரர் வென்றார், ஏனெனில் அவர் நின்ற வாக்கியம் எல்லோருக்குமானது. ஆரியச் சீட்டை நீட்டியவர் தோற்றார், ஏனெனில் சீட்டு கேட்கிறவனே அதைக் கிழிக்கவும் வல்லவன்.

பத்து டாலர் பந்தயம்

ஹோமர் பிளெஸ்ஸியின் வழக்கிலே 1896-லே வந்த தீர்ப்பு, தனித்தனியாக வைத்தாலும் சமமாக வைத்தால் போதும் என்றது. தனி வைத்தார்கள், சமமாக ஒருநாளும் வைக்கவில்லை. அதை உடைத்த கதையிலே ஒரு சட்டக்கல்லூரி வருகிறது. வாஷிங்டனிலே கருப்பருக்கென 1867-லே நிறுவப்பட்ட ஹோவார்டு பல்கலைக்கழகத்தின் சட்டக்கல்லூரி.

சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் முதல் உலகப் போரிலே படை அதிகாரியாக இருந்தபோது, சொந்த நாட்டுப் படையிலேயே கருப்பர் பட்ட இழிவைக் கண்டவர். உயிரோடு திரும்பினால் சட்டம் படித்துத் தம் மக்களுக்காகப் போராடுவதென்று உறுதி பூண்டார். 1929-லே அந்தக் கல்லூரியின் பொறுப்பை ஏற்று, இரவுப் பள்ளியாக இருந்ததை முழுநேரக் கல்லூரியாக்கினார். சமுதாயத்தைச் செப்பனிடாத வழக்கறிஞன், சமுதாயத்தின் மேல் படர்ந்த புல்லுருவி என்பது அவர் மாணவர்களுக்கு ஊட்டிய பாடம். முதலில் "சமம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். சமம் என்றாயே, காட்டு! எங்களுக்குச் சட்டக்கல்லூரி எங்கே? 1938-லே மிசௌரி மாநிலத்தின் மீது நடத்திய வழக்கிலே, மாணவனை வேறு மாநிலத்துக்கு அனுப்பிப் பணம் கட்டினால் போதாது, உன் மாநிலத்திலேயே இடம் கொடு என்று தீர்ப்பு வாங்கினார்.

1944-லே அந்தக் கல்லூரியின் இறுதியாண்டிலே பாலி மர்ரே என்ற மாணவி, வகுப்பிலே ஒரே பெண். "சமம் எங்கே என்று கேட்டது போதும், தனி என்பதே தவறு என்று நேராகத் தாக்குவோம்" என்றார். வகுப்பே சிரித்தது. பேராசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனிடம் பத்து டாலர் பந்தயம் கட்டினார் அந்த மாணவி, 25 ஆண்டுக்குள் பிளெஸ்ஸி தீர்ப்பு சாயும் என்று! பத்தே ஆண்டில் சாய்ந்தது. 1954 மே 17-ஆம் நாள், பிரவுன் வழக்கிலே, ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகப் பள்ளிகளில் இனப்பிரிவினையைச் சட்டவிரோதம் என்றனர். வழக்கை நடத்தியவர் ஹூஸ்டனின் மாணவர் தர்குட் மார்ஷல். ராபின்சனும் அந்த அணியிலே இருந்தார். அன்று வகுப்பிலே மர்ரே எழுதிய கட்டுரையைத் தேடி எடுத்துத் தம் அணியினருக்குத் தந்தவரும் அவரே. ஹூஸ்டன் அந்த நாளைக் காணவில்லை, 1950-லேயே மறைந்துவிட்டார்.

தீர்ப்போடு விடுதலை வந்துவிட்டதா? இல்லை. 1955 டிசம்பரிலே மாண்ட்கோமரி நகரத்திலே தையல் வேலை செய்த ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்தார். வீட்டு வேலைக்காரிகளும் கூலியாட்களும் 381 நாள் பேருந்தைப் புறக்கணித்து வேலைக்கு நடந்தனர். ஒருபக்கம் கால்கள் நடந்தன, மறுபக்கம் வழக்கு நடந்தது. இரண்டும் சேர்ந்துதான் வென்றன. கால் இல்லாத வழக்கு முடம், வழக்கு இல்லாத கால் குருடு!

வாக்கும் கூலியும்

குடியுரிமை என்றால் கடவுச்சீட்டு என்று எண்ணுகிறோம். ஜூடித் ஷ்க்லார் என்ற அறிஞர், ஐரோப்பாவிலிருந்து அகதியாக வந்து ஹார்வார்டிலே பேராசிரியையானவர், 1991-லே வெளியிட்ட சிறு நூலிலே வேறு அளவுகோல் தந்தார். அமெரிக்கனுக்குக் குடிமகன் என்ற மதிப்பு இரண்டு பொருளிலே அடங்கும், வாக்கு ஒன்று, உழைத்துச் சம்பாதிப்பது இன்னொன்று, இந்த இரண்டும் இல்லாதவன் அடிமையின் நிழலிலே நிற்பவன் என்றார்.

நம் தொழிலாளத் தோழர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். 1935-லே அமெரிக்கத் தொழிலாளருக்குச் சங்கம் அமைக்கவும் கூட்டாகப் பேரம் பேசவும் உரிமை தந்த சட்டம் வந்தது. அதிலே யாரை விட்டார்கள்? விவசாயக் கூலிகளை, வீட்டு வேலை செய்வோரை! தென் மாநிலங்களிலே கருப்பர் பார்த்த வேலைகள் பெரிதும் அவையே. "கருப்பன்" என்ற சொல் சட்டத்திலே இல்லை, ஆனால் கருப்பன் வெளியே நின்றான். வாக்குக்கு வந்தால், 1965-லே அத்தனை அடியும் குண்டும் வாங்கிப் பெற்ற வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பான ஒரு பகுதியை 2013-லே உச்சநீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கிலே வெட்டியது. ஏட்டை ஒருமுறை எழுதிவிட்டுத் தூங்குபவனுக்கு இதுதான் கதி.

1985-இல் விதைத்தது

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். தீர்ந்த கேள்வியைத் தீராததாக்கியவர் யார்?

1985-லே பீட்டர் ஷக், ரோஜர்ஸ் ஸ்மித் என்ற இரு பேராசிரியர்கள் ஒரு நூல் எழுதினர். குடியுரிமை என்பது நாட்டாரின் சம்மதத்தால் வரவேண்டும், அனுமதியின்றி வந்தோரின் குழந்தைகளை ஏற்பதா வேண்டாமா என்பதை அந்நாட்டுப் பாராளுமன்றமாகிய காங்கிரஸ் முடிவு செய்யலாம் என்பது அவர்கள் வாதம். "ஆளுகைக்கு உட்பட்ட" என்ற சொற்களுக்கு அப்படிப் பொருள் கொள்ள இடமுண்டு என்றனர். சட்ட அறிஞருள் பெரும்பாலோர் அதை அப்போதே மறுத்தனர். அவர்கள் இனவெறியர் என்று நாம் சொல்லவில்லை. முடிவு காங்கிரசின் கையில் என்றுதான் எழுதினார்களேயன்றி, ஜனாதிபதியின் ஒற்றைக் கையெழுத்திலே என்று எழுதவில்லை. ஆயினும் என்ன நடந்தது? நூலகத்திலே கிடந்த வாதம் கைமாறிக் கைமாறி, அரசியல் மேடைக்கு வந்து, நாற்பது ஆண்டு கழித்து ஆணையாகக் கையெழுத்தாயிற்று. 2025-லே, ஆணை வந்த பின்னர், அதற்குத் தூண் நாட்டச் சில பேராசிரியர்கள் புதிதாக எழுதவும் முன்வந்தனர். பெரும்பாலோர் எதிர்த்தே எழுதினர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1857-லே டானியின் மேற்கோள். 1884-லே காலின்சின் கட்டுரை. 1985-லே ஒரு நூல். ஒவ்வொரு முறையும் வரிசை ஒன்றுதான். முதலில் ஏட்டிலே ஓர் ஐயம் விதைக்கப்படும், "சும்மா ஓர் ஆராய்ச்சி" என்பார்கள். பிறகு மேடையிலே முழங்கும். பிறகு ஆணையாகும். பிறகு யாரோ ஓர் ஏழையின் வீட்டுக் கதவைத் தட்டும். தட்டும் ஓசை கேட்டபின் விழிப்பவன், மூன்று கட்டம் பிந்தி விழிக்கிறான்!

எதிர்வரிசையும் உண்டு. கர்டிசின் மறுப்பு, பால்டிமோர் மக்களின் மனுக்கள், சீனச் சங்கத்தின் நிதி, ஹூஸ்டனின் கல்லூரி, மர்ரேயின் கட்டுரை. ஆணையை எதிர்த்து 2025-லே நீதிமன்றம் ஏறிய வழக்கறிஞர்கள் கையிலே பிடித்திருந்தது ஒரு சமையற்காரரின் பெயர்தான். 127 ஆண்டுக்கு முன் அவர் தளர்ந்து கப்பலிலேயே சீனா திரும்பியிருந்தால், அந்தக் குழந்தைகளுக்காகப் பேச அந்தப் பெயர் இருந்திராது.

ஆகவே தோழர்களே, சட்டப் புத்தகத்தைக் கும்பிடவும் வேண்டாம், குப்பை என்று எறியவும் வேண்டாம். அது ஒரு கருவி. கொல்லன் பட்டறையிலே அடித்த அரிவாள் போல. யார் கையிலே இருக்கிறது, எதை அறுக்கிறது என்பதே கேள்வி. "சட்டம் வக்கீல் வேலை, நமக்கெதற்கு" என்று சொல்லும் தொழிலாளி, அரிவாளைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டுக் கதிரைப் பார்த்துக்கொண்டு நிற்பவன்.

தேநீர்க் கடையிலே ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டு வளர்ந்தது நம் இயக்கம். முடிதிருத்தும் நிலையங்களும் தெருமுனைப் படிப்பகங்களும்தான் நமக்குப் பல்கலைக்கழகம். அந்தப் படிப்பகங்களிலே எத்தனை இன்று பூட்டிக் கிடக்கின்றன என்று ஒவ்வொரு கிளையும் எண்ணிப் பார்க்கட்டும். பூட்டைத் திறவுங்கள். தேர்தல் சுவரொட்டியை ஓரமாக வைத்துவிட்டு, மேசைமீது அரசியல் சட்டத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றை வையுங்கள். தொழிலாளர் சட்டங்களை வையுங்கள். வாரம் ஒரு நாள், ஒரு பிரிவை, ஒருவர் படிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும். நம் பிள்ளைகளில் ஒருவரையாவது சட்டம் படிக்க அனுப்புங்கள், படித்து முடித்ததும் திரும்பி வரச்சொல்லுங்கள்.

வாக்கியத்தை எழுதுவது ஒரு தலைமுறையின் வேலை. அதைக் காவல் காப்பது எல்லாத் தலைமுறையின் வேலை!